செயலாளர் ஆண்டறிக்கை: டாம் மாரிஸுக்கு விழா எடுத்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகிகளே, புல் வெட்டியும் பை சுமந்தும் நம் கோல்ஃப் மைதானத்தைக் காத்துவரும் உறுப்பினர்களே, வணக்கம்.

வழக்கமான செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மழை விடாமல் பெய்த ஐப்பசி தவிர, செயற்குழு மாதந்தோறும் கூடியது. பள்ளி திறந்ததும் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகங்கள் வழங்கினோம். புல் வெட்டும் இயந்திரம் ஓட்டுபவர்களுக்கு பூட்ஸ் கேட்டுக் கொடுத்த மனு நிலுவையில் இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டின் பெரிய காரியம், கோல்ஃப் ஆட்டக்காரராகவும் மைதானப் பராமரிப்பாளராகவும் பெயர்பெற்ற டாம் மாரிஸுக்கு ஜூன் 16 அன்று நடந்த பிறந்தநாள் கூட்டம். "எங்கோ ஸ்காட்லாந்தில் இருந்தவருக்கு நாம் ஏன் விழா எடுக்க வேண்டும்?" என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கூட்டத்துக்கு வராதவர்களுக்காக, அங்கே பேசியதைச் சற்று விரிவாகவே பதிவு செய்கிறேன்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் ஒரு நெசவாளி வீட்டில் 1821-ல் பிறந்தவர் டாம். பதின்வயதிலேயே, கோல்ஃப் பந்து செய்பவரான ஆலன் ராபர்ட்சனிடம் வேலைக்குச் சேர்ந்தார். வேகவைத்த இறகைத் தோலுறைக்குள் திணித்துத் தைக்க வேண்டும். நாளெல்லாம் உழைத்தாலும் மூன்று நான்கு பந்துதான் தேறும். 1848 வாக்கில் கட்டாபெர்ச்சா என்ற மரப்பாலில் செய்த மலிவான பந்து வந்தது. பிழைப்பு போய்விடும் என்று ராபர்ட்சன் அதை வெறுத்தார். டாமோ அதை வைத்து ஆடிவிட்டார். அந்த மனக்கசப்பில் இருவரும் பிரிந்தார்கள். 1851-ல் டாம் ஸ்காட்லாந்திலேயே பிரெஸ்ட்விக் என்ற ஊருக்குப் போய் 12 குழி மைதானம் ஒன்றை அமைத்து, அதன் பராமரிப்பாளராகவும் ஆனார்.

ஓப்பன் எனப்படும் பெரிய கோல்ஃப் போட்டி முதன்முதலாக 1860-ல் அங்கேதான் நடந்தது. எட்டே பேர் ஆடினார்கள். பந்தை இரண்டு முறை கூடுதலாக அடித்ததால் டாம் வில்லி பார்க்கிடம் தோற்றார். பிறகு 1861, 1862, 1864, 1867 என நான்கு முறை வென்றார். கடைசி முறை அவருக்கு வயது 46. அதைவிட மூத்த ஒருவர் ஓப்பனை இன்றுவரை வென்றதில்லை. அடுத்த ஆண்டு அவரைத் தோற்கடித்தது பதினேழு வயது மகன் டாமி. அவனும் நான்கு பட்டம் வென்றான். 1875 செப்டம்பரில் தந்தையும் மகனும் நார்த் பெரிக்கில் சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தபோது தந்தி வந்தது. பிரசவத்தில் டாமியின் மனைவியும் குழந்தையும் இறந்தார்கள். அந்தக் கிறிஸ்துமஸ் நாளில் டாமியும் போய்விட்டான், 24 வயதில். பெற்ற பிள்ளைகள் எல்லோரையும் பறிகொடுத்த பிறகும் டாம் 1908 வரை வாழ்ந்தார்.

பட்டங்களை உலகம் பேசுகிறது. நமக்கு முக்கியம், அவர் எதற்குச் சம்பளம் வாங்கினார் என்பது. 1860களின் நடுவில் செயின்ட் ஆண்ட்ரூஸின் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப், ஆண்டுக்கு 50 பவுண்டு சம்பளத்தில் அவரைத் திரும்ப அழைத்தது. ஆடுவதற்காக அல்ல, மைதானத்தைப் பராமரிக்க. 1903 வரை அந்த வேலையில் இருந்தார். புல்லின் மேல் மணல் தூவினால் அது செழிக்கும் என்று கண்டு, விடாமல் தூவச் செய்தவர் அவர். குழிக்குப் பக்கத்திலேயே நின்று அடுத்த குழிக்கு அடிக்கும் பழக்கத்தால் கிரீன், அதாவது குழியைச் சுற்றிய மென்புல், பாழாவதைக் கண்டு, முதல் அடி அடிக்கும் 'டீ'க்கு தனி இடம் ஒதுக்கியவரும் அவர்தான். நாம் தினமும் செய்வது இந்த வேலையைத்தான்.

மைதானம் அமைக்க நாளுக்கு ஒரு பவுண்டு கூலி வாங்கினார் என்பார்கள். நிலத்தை நடந்து பார்ப்பார், முளை அடிப்பார், ரயிலேறுவார். மியூர்ஃபீல்டு, ராயல் கவுன்டி டவுன் போன்ற மைதானங்கள் அப்படித் தொடங்கியவை. பின்னால் வந்தவர்கள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்களே, அவருக்கு ஏன் இத்தனை பெயர் என்று ஒரு மூத்த உறுப்பினர் மறுத்துப் பேசினார். வரைபடத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. ஆனால் டாமிடம் தொழில் பழகிய டொனால்ட் ராஸ் அமெரிக்கா போய் நூற்றுக்கணக்கான மைதானங்களை அமைத்தார். ஸ்காட்லாந்தின் சவுத் உயிஸ்ட் தீவில் டாம் 1891-ல் அமைத்த ஆஸ்கர்னிஷ் மைதானம் மறைந்தே போயிருந்தது. அதைத் தேடிக் கண்டுபிடித்து 2008-ல் மீண்டும் திறந்தார்கள். நிலத்தை அதன் போக்கிலேயே விட்டதால்தான் அது சாத்தியமாயிற்று என்பது என் கருத்து.

இனி தீர்மானம். ஞாயிற்றுக்கிழமை ஆடக் கேட்ட கனவான்களிடம், உங்களுக்கு ஓய்வு வேண்டாம் என்றாலும் மைதானத்துக்கு வேண்டும் என்று சொன்னாராம் டாம். செயின்ட் ஆண்ட்ரூஸின் ஓல்டு கோர்ஸ் இன்றும் பெரிய போட்டிகள் தவிர ஞாயிறுகளில் ஆட்டத்துக்கு மூடியே இருக்கிறது. நம் மைதானத்துக்கும் வாரம் ஒரு நாள் விடுமுறை விடும்படி நிர்வாகத்தைக் கேட்பதென ஜூன் கூட்டம் முடிவு செய்தது. மனு தயாராக இருக்கிறது. பொதுக்குழு ஒப்புதல் தந்தால் வரும் திங்கட்கிழமையே தலைவரும் நானும் நேரில் கொடுப்போம். அதற்கான ஒப்புதலை அளித்து, இவ்வறிக்கையையும் ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்