மட்டாஞ்சேரிக்கு முன்னால் பரவூர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொச்சி பற்றிய உங்கள் சுற்றுலாக் கட்டுரை, மட்டாஞ்சேரி யூதத் தெருவில் ஏலக்காயும் பித்தளைச் சாமானும் வாங்குவதற்கே பாதிப் பக்கத்தைக் கொடுத்துவிட்டது. அதே தெருவில் உள்ள யூதர்களின் வழிபாட்டிடமான பரதேசி ஜெப ஆலயத்துக்கு மிஞ்சியது நாலு வரி. அதிலும் இரண்டு வரி தரை ஓட்டுக்குப் போய்விட்டது. பூஜை விடுமுறைக்குப் பெட்டி கட்டும் வாசகர்கள் அதை நம்பிப் போனால், சாத்திய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்ப நேரும். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் நாள் கணக்கு. யூதர்களின் ஓய்வுநாள் வெள்ளி மாலை பொழுது சாய்ந்ததும் தொடங்கிச் சனி இரவு முடியும். ஆகவே பரதேசி ஆலயத்தில் வெள்ளி பிற்பகலும் சனிக்கிழமையும் பார்வையாளருக்கு அனுமதி இல்லை. கொச்சிக்கு வடக்கே உள்ள பரவூர், சேந்தமங்கலம் ஜெப ஆலயங்கள் இப்போது அருங்காட்சியகங்கள். அவற்றுக்குத் திங்கள் விடுமுறை. வார இறுதியில் மூன்றையும் பார்க்க நினைப்பவருக்கு ஞாயிறு ஒன்றுதான் உண்டு. விடுப்பு எடுக்க முடிந்தவர்கள் செவ்வாய் முதல் வியாழன் வரை எந்த நாளிலும் போகலாம்.

விழாநாள்களில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். யூதர்களின் மாதமும் நிலவை வைத்தே பிறக்கிறது. அவர்கள் புத்தாண்டு பிறக்கும் திஷ்ரி மாதம், பல ஆண்டுகளில், நம் நவராத்திரி தொடங்கும் அதே அமாவாசையை ஒட்டி வரும். அப்படி வந்தால் நமக்கு விஜயதசமியாகும் பத்தாம் நாள், அவர்களுக்கு யோம் கிப்பூர் என்னும் உபவாச நாள். 2022, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இரண்டும் ஒரே தேதியில் வந்தன. அடுத்த பௌர்ணமியில் கூடாரத் திருவிழா, அதன் முடிவில் சிம்ஹத் தோரா என்னும் வேத விழா. ஆக ஆயுத பூஜை விடுமுறையில் குடும்பத்தோடு மட்டாஞ்சேரி போகிறவர்கள், வருடத்திலேயே ஆலயம் அதிக நாள் மூடியிருக்கும் மாதத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதிக மாதம் சேர்க்கும் கணக்கு இரு பஞ்சாங்கங்களிலும் வேறுபடுவதால் 2023 போல ஒரு மாதம் விலகும் ஆண்டுகளும் உண்டு. டிக்கெட் போடுமுன் அந்த ஆண்டின் திஷ்ரி தேதிகளைப் பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்தது ஊர். பரவூர் என்ற பெயரில் கொல்லம் அருகே இன்னொரு ஊர் இருக்கிறது. ரயில் நிலையம் இருப்பது அங்கேதான். ஜெப ஆலயம் இருப்பது எர்ணாகுளம் மாவட்டத்தின் வடக்குப் பரவூரில். அங்கே ரயில் கிடையாது. கோவைப் பக்கமிருந்து வருகிறவர்கள் ஆலுவாவில் இறங்கிப் பேருந்து பிடிப்பது எளிது. சேந்தமங்கலம் அங்கிருந்து சில கிலோமீட்டர்தான்.

மட்டாஞ்சேரியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளச் சொல்வேன். காரணம் கூட்டம். பரதேசி ஆலயத்தில் ஒரு குழு நுழையும்போதே அடுத்த குழு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும். வழிகாட்டி சீனத்திலிருந்து வந்த நீல வெள்ளை ஓடுகளைக் காட்டுவார். எல்லோரும் குனிந்தபடியே வெளியே வந்துவிடுவார்கள். கையால் வரைந்த அந்த ஓடுகள் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கேரள ஜெப ஆலயத்துக்கே உரிய அமைப்பு தலைக்கு மேலே இருக்கிறது. அதை நின்று நிதானமாகப் பார்க்கப் பரவூரும் சேந்தமங்கலமும்தான் தோது.

உள்ளே பார்க்கவேண்டிய வரிசை இது. வாயில் கட்டடத்தைத் தாண்டி முன்கூடம். அதற்கு அசாரா என்று பெயர். அதைக் கடந்தால் பெரிய கூடம். நடுவில் பித்தளைக் கம்பிகளோ மரத்தூண்களோ சூழ்ந்த மேடை, தேபா. யூத வேதமான தோராவை வாசிப்பது அங்கே. எதிரே மேற்குச் சுவரில், தோராச் சுருள்களை வைக்கும், செதுக்கிப் பொன்வண்ணம் பூசிய பேழை, ஹேக்கால். எருசலேம் இங்கிருந்து மேற்கே இருப்பதால் பேழை மேற்குச் சுவரில் அமைந்தது. இப்போது பேழைக்கு முதுகு காட்டித் திரும்பி நின்று அண்ணாந்து பாருங்கள். மாடி முகப்பில், கூடத்துக்குள் வளைந்து நீட்டிக்கொண்டு, இன்னொரு தேபா தெரியும். ஓய்வுநாளிலும் விழாக்களிலும் தோராவை மேலிருந்து வாசித்தார்கள். அதன் பின்னால் மரத்தட்டிக்கு அப்பால் பெண்கள் பகுதி. இப்படி இரண்டு தேபா வைப்பது கேரள யூதர்களின் தனி வழக்கம். அங்கிருந்து இன்னும் சற்றுப் பார்வையை உயர்த்தினால் கூரைப் பலகையில் தாமரைகள்.

பரவூரில் பேழையும் தேபாவும் மாதிரிகள். அசல் பேழை எருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 'ஏன் உள்ளே தோரா இல்லை' என்று பிள்ளைகள் கேட்பார்கள். 1950களில் பெரும்பாலானோர் இஸ்ரேலுக்குக் கிளம்பியபோது சுருள்களையும் கையோடு கொண்டுபோய்விட்டார்கள் என்பதுதான் பதில். நெவாத்திம், மெசிலத் சியோன் முதலிய விவசாய ஊர்களில் அந்தக் குடும்பங்கள் குடியேறின. சேந்தமங்கலம் ஆலயத்தின் முன்னால் எபிரேய எழுத்துள்ள கல்லறைக் கல் ஒன்று நிற்கிறது. இஸ்ரேல் என்பவரின் மகள் சாராவுடையது, 1269ஆம் ஆண்டு. பலர் அதைத் தாண்டியே உள்ளே போகிறார்கள். இந்தியாவில் கிடைத்த மிகப் பழைய எபிரேயக் கல்வெட்டு என்று ஆய்வாளர்கள் சொல்வது அதைத்தான்.

காப்பாற்றியதை மட்டும் காட்டிவிட்டு இழந்ததைச் சொல்லாமல் விடுவது சரியல்ல. மட்டாஞ்சேரியிலேயே இருந்த கடவும்பாகம் ஜெப ஆலயத்தின் உள்மர வேலைப்பாடு 1990களில் எருசலேம் அருங்காட்சியகத்துக்குப் போய் அங்கே பத்திரமாக இருக்கிறது. கவனிப்பாரற்று நின்ற கட்டடம் 2019 செப்டம்பர் மழையில் சரிந்தது. கூரை ஒழுகினால் செம்புராங்கல் சுவருக்குள் நீர் இறங்கும். சுண்ணாம்புப் பூச்சு உதிரும். உத்தரத்தின் முனை சுவருக்குள் இருந்தபடியே உளுக்கும். கேரள மழையில் ஆளில்லாத கட்டடம் சாய்வதற்கு வேறெதுவும் வேண்டியதில்லை. அதே பெயரில் எர்ணாகுளம் சந்தைப் பகுதியில் உள்ள ஆலயம் பிழைத்துக்கொண்டது. முன்பகுதியில் வண்ணமீனும் செடியும் விற்கும் கடை நடந்ததால் ஆள் நடமாட்டம் நிற்கவில்லை. பிறகு பழுதும் பார்த்தார்கள். மீன் தொட்டிகளைக் கடந்துதான் பேழைக்குப் போக வேண்டும் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

சமூகத்துக்குள் இருந்த மேல் கீழையும் மறைக்கக் கூடாது. பரதேசி ஆலயத்தில் அடிமை வழியினர் என்று ஒதுக்கப்பட்டோர் பல தலைமுறையாக முன்கூடத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டார்கள். தோரா வாசிக்க அவர்களை அழைப்பதில்லை. சென்னையில் சட்டம் படித்து வந்த ஏ.பி. சேலம் (1882–1967) ஆலயத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்து அதை மாற்றினார். 'யூத காந்தி' என்று ஊர் அவரை அழைத்தது. முன்கூடத்தில் நிற்கும்போது வழிகாட்டி இதைச் சொல்லவில்லை என்றால் நாமே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடலாம்.

கட்டுரையில் என்னை மிகவும் உறுத்தியது கொச்சி யூதர்களின் உரிமைச் செப்பேட்டைப் பற்றிய வரி. கி.பி. 379 என்று போட்டிருக்கிறீர்கள். அது பரம்பரையாகச் சொல்லிவரும் ஆண்டு. சேர அரசன் பாஸ்கர ரவிவர்மன் முயிறிக்கோட்டில் இருந்தபோது கொடுத்த இந்தச் செப்பேடு, இரண்டாமாண்டுக்கு எதிர் முப்பத்தாறாமாண்டு என்று தன் காலத்தைத் தானே சொல்கிறது. இரண்டையும் கூட்டினால் அரசனின் 38ஆம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 1000ஐ ஒட்டிய காலம் என்பது கல்வெட்டாய்வாளர் கணிப்பு. எழுத்து வட்டெழுத்து, நடுநடுவே கிரந்தம். மொழியோ, தமிழ் வாசகர் யாரும் அகராதி இல்லாமல் பெரும்பகுதி புரிந்துகொள்ளக்கூடியது. இசுப்பு இரப்பான் என்ற யூதத் தலைவருக்கு அஞ்சுவண்ணமும், பகல் விளக்கும், பாவாடையும், குடையும், வடுகப்பறையும், காகளமும், தோரணமும் உட்பட எழுபத்திரண்டு விடுபேறு, அதாவது சிறப்புரிமைகள். உல்கும் துலாக்கூலியும் விட்டுக்கொடுப்பு. அஞ்சுவண்ணம் என்பது கடல்கடந்து வந்த வணிகர்களின் குழு, காகளம் ஊதுகொம்பு. இங்கே பாவாடை என்றால் நடந்துவரும் வழியில் விரிக்கும் துணி. உல்கு சுங்கம், துலாக்கூலி எடை போடுவதற்கான கட்டணம். கடல்வழி வணிகத் தலைவருக்கு இந்த இரண்டும் குடையையும் பறையையும்விடப் பெரிய வரவாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

2017இல் பிரதமர் மோடி இஸ்ரேல் சென்றபோது பரிசாகக் கொண்டுபோனவற்றில் இந்தச் செப்பேட்டின் நகலும் உண்டு. தமிழ் இதழ் ஒன்று இதன் மூலவாசகத்தை அருஞ்சொற்பொருளோடு வெளியிட்டால், வாசகர்கள் தாங்களே படித்துப் பார்க்கலாம். அரைப் பக்கம் போதும். அடுத்த இதழில் ஏலக்காய் விலைப் பட்டியலை எடுத்துவிட்டு அந்த இடத்தை இதற்குத் தாருங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோவை