செயலாளர் அறிக்கை: சிரப் டின்னிலிருந்து மால்ட் மூட்டைக்கு

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வீட்டில் பியர் காய்ச்சும் நம் சங்கத்தில் ஆண்டுத் தொடக்கத்தில் 19 பேர் இருந்தோம், இப்போது 23 பேர். செயற்குழு ஆறு முறை கூடியது. அதில் ஒருமுறை கோரத்துக்கு வேண்டிய ஆள் சேராமல் காப்பி குடித்துவிட்டுக் கலைந்தோம். வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார்.

புதியவர்களுக்காகச் சட்டத்தையும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் 2004 முதல் சொந்தப் பயனுக்கு வீட்டில் பியர் காய்ச்ச உரிமம் தேவையில்லை. ஆனால் 18 வயது ஆகியிருக்க வேண்டும், ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டருக்கு மேல் போகக்கூடாது, விற்கக்கூடாது. சாராயம் போல வாலை வடிக்கும் பேச்சே கிடையாது. (‘காய்ச்சுகிறோம்’ என்று ஊருக்குப் போனில் சொன்னால் அம்மா என்ன நினைப்பார் என்பது நம் எல்லாருக்கும் தெரியும்.) ஆண்டு விருந்தில் சாப்பாட்டுக்கு மட்டும் காசு வாங்கியதும், பியரைச் சும்மா ஊற்றியதும் இதனால்தான்.

சரி, இந்த ஆண்டின் பெரிய விஷயத்துக்கு வருகிறேன். போன ஆண்டு வரை நம்மில் பெரும்பாலோர் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சிரப் டின்னை உடைத்து, வெந்நீரில் கரைத்து, கசப்புக்கு ஹாப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்தவர்கள்தாம். பாகு காய்ச்சுகிற வேலை மாதிரிதான். மால்ட்டிலிருந்தே தொடங்குவது வேறு கதை. உடைத்த பார்லி மால்ட்டை 66, 67 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவிட வேண்டும். தானியத்திலுள்ள என்சைம்களே மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். பிறகு அந்த இனிப்பு நீரை, அதாவது வோர்ட்டை, வடித்தெடுத்துக் கொதிக்கவிட வேண்டும். சங்கப் பணத்தில் இதற்கு ஒரு பொதுச் சாதனம் வாங்கி, உறுப்பினர் வீடுகளுக்கு முறை வைத்து அனுப்புவது என்று முடிவானது. எந்தச் சாதனம் என்பதில்தான் மூன்று கூட்டங்கள் போயின.

ஒரு கட்சி மூன்று அண்டா கேட்டது: வெந்நீருக்கு ஒன்று, மால்ட் ஊறவைக்க ஒன்று, கொதிக்கவைக்க ஒன்று. இன்னொரு கட்சி எல்லாம் ஒன்றிலேயே முடிகிற மின்பாத்திரம் கேட்டது. ஜெர்மனியின் பிரௌமைஸ்டர், நியூசிலாந்தின் கிரெயின்ஃபாதர், ஆஸ்திரேலியாவின் ப்ரூசில்லா எல்லாம் இந்த இனம்தான். மூன்றாவது கட்சி ஆஸ்திரேலியாவிலிருந்து பரவிய பை முறையைச் சொன்னது. ஒரே அண்டா, அதற்குள் பெரிய வலைத்துணிப் பை. மால்ட் ஊறியதும் பையைத் தூக்கிவிட்டால் அதே அண்டாவில் கொதிக்கவிடலாம்.

நான் மூன்று அண்டாவுக்கு ஓட்டுப் போட்டேன், தோற்றேன். இப்போது யோசித்தால் தோற்றது நல்லதுதான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் பாதுகாப்பறையில் ஏற்கெனவே அரிசி மூட்டை, குடை, பிள்ளையின் பழைய சைக்கிள் எல்லாம் இருக்கின்றன. அங்கே மூன்று அண்டாவை எங்கே வைப்பது?

பை கட்சி ஜெயித்தது. அடுத்து அண்டாவின் அளவு. 20 லிட்டர் பியருக்கு 20 லிட்டர் அண்டா போதும் என்றவர்களுக்காகக் கரும்பலகையில் கணக்குப் போட்டோம். ஐந்து கிலோ மால்ட் உறிஞ்சுவது சுமார் நான்கு லிட்டர், ஒரு மணி நேரக் கொதியில் ஆவியாவது மூன்று நான்கு லிட்டர், அடியில் வண்டலோடு போவது இரண்டு. ஆக, தொடக்கத்திலேயே 30 லிட்டர் தண்ணீர் வேண்டும். மால்ட் அடைக்கும் இடம் தனி. 40 லிட்டர் அண்டாவும் 2,500 வாட் சூடேற்றியும் வாங்கினோம். 13 ஆம்பியர் சாக்கெட் அதைத் தாங்கும். ஆனால் நீட்டிப்பு வயரில் அரிசிக் குக்கரோடு சேர்த்துச் செருகாதீர்கள், தயவுசெய்து.

முதல் காய்ச்சல் ஈசூனில் இருக்கும் அண்ணன் வீட்டில். ஊறவைத்தது பிசகவில்லை. புத்தகத்தில் சொன்னதைவிட ஒன்றரை டிகிரி குறைவாகத் தண்ணீரைச் சூடாக்கினோம். இங்கே மால்ட்டே 29 டிகிரியில் இருக்கிறது, குளிர்நாட்டுக் கணக்கு ஒத்துவராது. கொதியும் நன்றாக வந்தது. மூடியைத் திறந்தே வைத்ததில் சமையலறை முழுக்க நீராவி, மேல் அலமாரிக் கதவுகள் வியர்த்து வழிந்தன. அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் போதும்; அடுத்த முறை அண்டாவை ஜன்னலோரம் நகர்த்திவிட்டோம்.

அப்புறம் ஆறவைக்கும் வேலை. செப்புக் குழாய்ச் சுருளை வோர்ட்டுக்குள் இறக்கிக் குழாய்த் தண்ணீரைத் திறந்தோம். 100 டிகிரி சரசரவென்று 40க்கு இறங்கியது. பிறகு 36. பிறகு 34. அங்கேயே நின்றுவிட்டது. கால் மணி நேரம் தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டிருந்த பிறகு ஒருவர் குழாய்த் தண்ணீரில் கையை வைத்தார், வெதுவெதுப்பாக இருந்தது. குழாயில் வருவதே 29 டிகிரி என்றால் அதை வைத்து 20க்கு எப்படிக் கொண்டுபோவது? பொறுமை தீர்ந்து 33 டிகிரியில் ஈஸ்ட்டைப் போட்டோம். இரண்டு வாரம் கழித்துத் திறந்தால் நெயில் பாலிஷ் வாடை. குடித்துப் பார்த்த மூவருக்கும் மறுநாள் தலைவலி, அதில் நானும் ஒருவன். மீதியைச் சிங்க்கில் கொட்டினோம்.

மூன்று கூட்டம் உட்கார்ந்து எதைச் சூடாக்குவது என்றே பேசியிருக்கிறோம். எப்படிக் குளிரவைப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. நடவடிக்கைக் குறிப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டேன். ஆகவே மாற நினைப்பவர்களுக்கு என் சிபாரிசு இது: முதல் காசு பழைய குளிர்பெட்டிக்கும் அதில் மாட்டும் வெப்பக் கட்டுப்படுத்திக்கும் போகட்டும். இங்கே அறை வெப்பமே 30ஐத் தொடுகிறது. நாம் செய்யும் ஏல் வகைப் பியரின் ஈஸ்ட் கேட்பது 18, 20. இது சிரப் டின்காரர்களுக்கும் பயன்படும். இரண்டாவது காசு ஆறவைப்பதற்கு. குழாய்த் தண்ணீரில் 40 வரை இறக்கிவிட்டு, மீன்தொட்டிப் பம்பு வைத்து ஐஸ் தண்ணீரைச் சுருளில் ஓட்டுங்கள். 20 லிட்டருக்கு ஏழெட்டுக் கிலோ ஐஸ் ஆகும். அவ்வளவு மெனக்கெட முடியாதவர்கள் கொதிக்கக் கொதிக்க வோர்ட்டைக் கெட்டி பிளாஸ்டிக் கேனில் ஊற்றி மூடி, இரவு முழுக்க விட்டு, மறுநாள் குளிர்பெட்டியில் வைக்கலாம். ஹாப்ஸின் கசப்பு கொஞ்சம் கூடும். அண்டாவெல்லாம் மூன்றாவதுதான். குளிர்பெட்டிக்கு இடமே இல்லை என்பவர்களுக்கு நார்வே நாட்டுப்புற ஈஸ்ட்டான க்வைக் இருக்கிறது. 35 டிகிரியிலும் சுத்தமாக வேலை செய்கிறது. தெம்பனிஸ் அக்கா அதில் செய்து விருந்துக்குக் கொண்டுவந்ததுதான் முதலில் தீர்ந்தது.

சில்லறை விஷயங்கள். மால்ட்டை மிக்ஸியில் அடித்தவர் இனி அப்படிச் செய்யமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். மாவாகிப் பசை மாதிரி அடைத்துக்கொண்டது. கடையிலேயே உடைத்து வாங்குங்கள், ஆனால் இந்த ஈரக்காற்றில் வாரக்கணக்கில் வைக்காதீர்கள். பைக்கு வேட்டித் துணி ஆகாது. நெருக்கமான நெசவு, சொட்டச் சொட்ட நிற்க வேண்டியிருந்தது. நம் குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லப் போடும் குளோரமின் உண்டு, கொதிக்கவைத்தாலும் லேசில் போகாது. முதல்நாளே அதை நீக்கும் கேம்ப்டன் மாத்திரை போட்டுவிடுங்கள். வோர்ட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர்கள் பெரும்பாலும் 20 டிகிரிக்குக் குறித்தவை. 30 டிகிரியில் 1.046 காட்டினால் உண்மையில் 1.048 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சக்கையைக் குப்பைக் குழியில் கொட்டி அக்கம்பக்கத்தாரிடம் ஒரு உறுப்பினர் வாங்கிக் கட்டிக்கொண்டார். இரண்டு பையாகக் கட்டி அன்றே அகற்றுங்கள். ஒரு கைப்பிடியை அடை மாவில் கலந்தால் நன்றாகவே இருக்கிறது, அதற்கு மேல் கலந்தால் உமி தொண்டையில் குத்துகிறது.

வரும் ஆண்டுக்கு ஒரு தீர்மானம் முன்மொழிகிறேன்: சங்கத்துக்கு இரண்டாவது பம்பும் சுருளும் வாங்க அனுமதி வேண்டும். அண்டா இப்போது புங்கோலில் இருக்கிறது, அடுத்த முறை உட்லண்ட்ஸ். சங்கத்தின் ஹைட்ரோமீட்டர் மட்டும் ஆகஸ்ட்டிலிருந்து காணவில்லை. யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்; தேர்தலுக்கு முன்னால் மேசைமேல் வைத்துவிட்டால் பெயரைச் சொல்லமாட்டேன்.

இப்படிக்கு,
செயலாளர்