பெயரைக் கேட்டு எழுதிக்கொள்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படங்கள் வந்து சேர்ந்தன. கலிபோர்னியாவின் சாலினாஸ் பள்ளத்தாக்கில் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, இடுப்பொடியக் குனிந்து ஸ்ட்ராபெரி பறிக்கும் அந்தப் பெண்ணின் படத்தை அப்பா வருவோர் போவோரிடமெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார். கூடவே நீ இரண்டு வரி எழுதியிருக்கலாம்.

அமெரிக்கப் பெண் புகைப்படக் கலைஞர் டோரத்தியா லாங் பற்றி நீ சொன்ன பிறகு தேடித் தேடிப் படித்தேன். 1936 மார்ச்சில், ஒரு மாதப் பயணம் முடிந்து மழையில் வீடு திரும்பிக்கொண்டிருந்த அவர், அதே கலிபோர்னியாவின் நிப்போமோவில் பட்டாணி பறிப்போர் முகாமின் பலகையைக் கண்டும் நிற்காமல் 20 மைல் கடந்துவிட்டு, மனம் கேளாமல் வண்டியைத் திருப்பியிருக்கிறார். விளைச்சல் உறைபனியில் அழிந்து, கூலியின்றித் தவித்த அந்த முகாமில்தான், பிள்ளைகளை அணைத்தபடி கூடாரத்தில் உட்கார்ந்திருந்த 32 வயதுத் தாயைப் படமெடுத்தார். படங்கள் நாளிதழில் வெளிவந்ததும் அரசு 20,000 பவுண்டு எடையுள்ள உணவுப்பொருளை அங்கே அனுப்பியது. அதற்குள் அந்தக் குடும்பம் வேறிடம் போய்விட்டது. லாங் அந்தத் தாயின் பெயரைக் கேட்டிருக்கவில்லை. ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற பெயர் உலகத்துக்குத் தெரிய 1978 ஆயிற்று. ஊரெல்லாம் அச்சான தம் முகத்தால் தமக்கு ஒரு காசும் வரவில்லை என்று அப்போது அவர் மனம் நொந்து பேசினார். அரசுக்காக எடுத்த படமாதலால் லாங்குக்கும் அதில் உரிமைத்தொகை இல்லைதான். ஆனாலும் பெயரையாவது கேட்டிருக்கலாம் அல்லவா?

ஆகவே நீ பெயரைக் கேள். மொழி தெரியாவிட்டால் அவர்களையே உன் குறிப்பேட்டில் எழுதித் தரச் சொல். படத்தை எங்கே போடப்போகிறாய் என்பதையும் எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடு.

லாங் அந்த ஆண்டுகளில் தம் மகன்கள் இருவரையும் பிறர் வீட்டில் விட்டுவிட்டு ஊர் ஊராகப் போனார் என்று படித்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். உன் சின்னவனுக்கு முன்பல் விழுந்த செய்தியை மாப்பிள்ளை சொல்லித்தான் அறிந்தேன். உனக்குத் தெரியுமா என்று அவரிடம் நான் கேட்கவில்லை. உன் வேலை பெரிது என்பதில் எனக்கு ஐயமில்லை. அதை விடச் சொல்லி இதை எழுதவில்லை.

அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டு, படத்தின் பிரதி ஒன்றை அவள் கையிலேயே கொடுத்துவிடு. பறிப்பு முடிந்தால் அடுத்த தோட்டத்துக்குப் போய்விடுவார்கள், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதே. இந்த ஞாயிறு சின்னவனோடு பேசு. பேசிவிட்டு, நீ எங்கே தங்குகிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எனக்கும் எழுது.

அன்புடன்,
அம்மா