நுரைக்கு முன்னால் தண்ணீருக்கு வழி

அன்புள்ள கதிர்,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. கண்புரை அறுவை முடிந்து சொட்டு மருந்தோடு உட்கார்ந்திருந்தேன், அதனால்தான் பதில் தாமதம். இப்போது எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. உன் கையெழுத்து மட்டும் பழைய மாதிரியேதான் இருக்கிறது.

படகின் தளப்பலகையைப் பெயர்த்துப் பார்த்தது நல்ல வேலை. படகு மூழ்காமலிருக்கத் தளத்துக்குக் கீழே அடைத்திருந்த நுரை ஈரமாகிவிட்டது, அதைக் காயவைத்துத் திரும்பப் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம், வெட்டி எடுத்து எறிந்துவிடு. மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உள் ஈரம் லேசில் போகாது. அந்த நுரை தண்ணீர் குடிக்காது என்று சொல்லித்தான் விற்கிறார்கள். எப்போதாவது நனைந்தால் அது உண்மைதான். வருஷக்கணக்கில் தேங்கிய தண்ணீரில் கிடந்தால் அதுவும் குடிக்கும். படகு முன்னைப்போல் ஓடவில்லை என்று எஞ்சினைத் திட்டிக்கொண்டிருந்தாயே, இந்தக் கனம்தான் காரணமாக இருக்கும்.

அதனால் முதலில் வடிகால், அப்புறம் நுரை. தளத்தை எவ்வளவு இறுக்கி ஒட்டினாலும் திருகு ஓட்டை வழியாக, ஓரத்து இடுக்கு வழியாகத் தண்ணீர் கீழே இறங்கத்தான் செய்யும். இறங்கியது ஏராவை, அதாவது படகின் அடி நடுக்கட்டையை ஒட்டிப் பின்னால் ஓடி, தண்ணீரை வெளியே விடும் பிளக்குக்குப் போய்ச் சேரவேண்டும். ஒவ்வொரு குறுக்குச் சட்டத்திலும் ஆகத் தாழ்ந்த இடத்தில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை வேண்டும். சின்னதாக இருந்தால் ஒரு இலை போதும், அடைத்துவிடும். சட்டம் மரமென்றால் ஓட்டையைப் பெரிதாகவே போட்டு, கெட்டியான எபாக்சிப் பசையால் நிரப்பி, இறுகியபின் அதன் நடுவில் வேண்டிய அளவுக்குத் துளை. அப்போதுதான் வெட்டுவாய் வழியாக ஈரம் ஏறி மரம் உளுத்துப்போகாது.

தளத்தின் கீழே ஊற்றும் நுரை, அதாவது இரண்டு திரவத்தைக் கலந்து ஊற்றினால் பொங்கி இறுகும் நுரை, வேண்டாம் என்பது என் கட்சி. அது எல்லா இடுக்கிலும் புகுந்து, நீ போட்ட வழியையும் அடைத்துவிடும். கெட்டியான நுரைப்பலகையை வெட்டி, கீழே சின்னப் பட்டிகள் கொடுத்து, படகின் அடியிலிருந்து ஒரு விரற்கடை தூக்கி வை. அது தெர்மாகோல் வகையான பாலிஸ்டைரீன் என்றால் பெட்ரோல் பட்டால் கரையும், பாலியெஸ்டர் ரெசின் பட்டாலும் கரையும். எபாக்சி பூசி வைத்தால் நல்லது.

தளத்தை மூடுவதற்கு முன் அணியத்தை, படகின் முன்பக்கத்தை, கொஞ்சம் தூக்கி நிறுத்தி, முன்னாலிருந்து ஒரு வாளித் தண்ணீர் ஊற்று. டார்ச் அடித்துக்கொண்டு எங்கே நிற்கிறது என்று பார். நிற்கிற இடத்தை அப்போதே சரிசெய்துவிடலாம். ஒயர் போக ஒரு குழாயையும், பிறகு ஒயரை இழுக்க அதற்குள் ஒரு கயிற்றையும் போட்டுவை.

எவ்வளவு நுரை என்றால், ஒரு லிட்டர் நுரை ஏறத்தாழ ஒரு கிலோவைத் தாங்கும். படகின் ஃபைபர் கண்ணாடி உடல் மூழ்கினால் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் கனக்கும். படகு 180 கிலோ என்று வைத்தால் 60. எஞ்சின் 40, பேட்டரி 20 என்று முழுசாகவே எழுதிக்கொள். ஆக 120 லிட்டர். ஆனால் அது மூழ்காமல் நிற்க மட்டும்தான். ஆட்கள் பிடித்துக்கொள்ள வேண்டுமே, இரண்டு மடங்கு போடு.

நீ கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். எல்லா நுரையையும் தளத்துக்குக் கீழேயே திணிக்காதே. படகு நிறையத் தண்ணீர் ஏறிவிட்டால், அடியில் இருக்கும் நுரை மேலே வரப் பார்க்கும், படகு குப்புறக் கவிழ்ந்து மிதக்கும். மிதப்பது என்னவோ உண்மை, உட்கார இடம் இருக்காது! பாதிக்கு மேல் இரு பக்க விளிம்புகளுக்கு அடியில், உயரத்தில் போகட்டும். எஞ்சின் கனத்துக்காகப் பின்மூலைகளிலும் கொஞ்சம்.

விளிம்புகளுக்கு அடியிலுள்ள பக்கவாட்டு அறைகளுக்கு ஊற்றும் நுரை சரிவரும். இரண்டு திரவத்தையும் சம அளவு கலந்தால் ஒரு நிமிஷத்துக்குள் பொங்க ஆரம்பித்துவிடும், இருபது முப்பது மடங்கு ஊதும். காற்றுப்போக்கி இல்லாமல் அடைத்து ஊற்றினால் பலகையையே புடைக்க வைத்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்று, மொத்தமாக ஊற்றினால் உள்ளே சூடேறிக் கருகும். முகமூடி, கையுறை கட்டாயம். கதவு இடுக்கு அடைக்கிற டப்பா நுரையை மட்டும் வாங்கிவிடாதே, கனமாக அடித்தால் உள்ளே இறுகாது, தண்ணீரும் குடிக்கும்.

பக்க அறைகளின் நீள அகலம், எஞ்சினின் எடை இரண்டையும் அளந்து எழுது. எந்த மூலைக்கு எத்தனை லிட்டர் என்று கணக்குப் போட்டு அனுப்புகிறேன். அதுவரை தளத்தை மூடிவிடாதே.

அன்புடன்,
மணி