எலிஃபண்டா பயணம்: வியாழன் இரவுக்குள் பதில் தேவை

செம்பூர் அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். டிசம்பர் 14, ஞாயிறு அன்று மும்பைக்கு அருகே கடலில் உள்ள எலிஃபண்டா தீவின் குகைக் கோயிலுக்குப் போகிறோம். காலை 8.30க்குள் கேட்வே ஆஃப் இந்தியா படகுத்துறைக்கு வந்துவிடவும். படகில் ஒரு மணி நேரம். தீவில் வெளியாட்கள் இரவு தங்க முடியாது, கடைசிப் படகில் நெரிசலும் அதிகம். அதனால் 3.30க்கே கிளம்பிவிடுவோம்.

1. கட்டுச்சோறு வேண்டாம். தீவுக்காரர்கள் நடத்தும் கடையில் சாப்பிடுவோம். அரிசி, காய்கறி எல்லாம் படகில்தான் அங்கே போக வேண்டும். தலைக்கணக்கு முன்பே சொன்னால்தான் மீந்து குப்பையாகாது. வருமானமும் ஊருக்கே சேரும்.

2. தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில், பைக்குள்ளேயே. கையில் பிளாஸ்டிக் பாட்டிலோ கவரோ தெரிந்தால் குரங்கு பிடுங்கும். கிழிந்தது கடலில்தான் போய்ச் சேரும். அவரவர் குப்பை அவரவரோடு மும்பை திரும்பட்டும்.

3. பெரியவர்களிடம் தனி வேண்டுகோள்: குகையில் லிங்கம் இருக்கிறது, கும்பிடுங்கள். சூடம், எண்ணெய், குங்குமம், தேங்காய் மட்டும் வேண்டாம். சூடப் புகை மேற்கூரையில் கரியாய்ப் படியும், எண்ணெய் கல்லுக்குள் இறங்கும். பிறகு தேய்த்து எடுக்கப் போனால் செதுக்கலும் சேர்ந்து தேயும். கை வியர்வையும் அப்படித்தான். தூணில் சாய்ந்து போட்டோ எடுக்க வேண்டாம்.

4. குகைக்கு ஏற ஏறக்குறைய 120 படிகள். முட்டிவலி உள்ளவர்கள் முன்பே சொல்லவும்.

5. படிக்கட்டுக் கடைகளில் அடிமாட்டு விலைக்குப் பேரம் பேசாதீர்கள், அது அவர்கள் பிழைப்பு.

பெயர், எத்தனை பேர், சைவமா மீனா என்று இங்கேயே பதிவிடவும்.