இன்னும் 11 நாள் இருக்கிறது: எங்கள் பழைய கணக்குகளை மீட்டுத் தாருங்கள்

இணைந்த அமைப்பின் நிர்வாகக் குழுவினருக்கும் தகவல் தொழில்நுட்பப் பிரிவினருக்கும்,

வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம் பகுதியில் தேனீ வளர்ப்பவர்களோடு வேலை செய்யும் களப்பணியாளர் நான். நம் இரண்டு அமைப்புகளும் எப்படி ஒன்றாயின என்பது உங்களுக்குத் தெரியும், அதை நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் கோப்புகளை எல்லாம் கூகுள் டிரைவில் இருந்து, அதே போல் இணையத்தில் கோப்பு சேமிக்கும் உங்கள் மைக்ரோசாப்ட் ஒன்டிரைவுக்கு மாற்றச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது. இரண்டு வாரம் அவகாசம் தந்தீர்கள். மாற்றினோம். வெள்ளிக்கிழமை மதியம் 3 மணிக்கு எங்கள் பழைய கணக்குகளை நீக்கினீர்கள். இன்று ஞாயிறு, ஒன்பதாவது நாள்.

கூகுளில் ஓர் அமைப்பின் பயனர் கணக்கை நீக்கினால், 20 நாட்களுக்குள் அந்த அமைப்பின் நிர்வாகி அதை மீட்டெடுக்கலாம். அதற்குப் பிறகு முடியாது. அப்படியானால் வருகிற வாரத்துக்கு அடுத்த வாரம் வியாழக்கிழமை வரை நமக்கு நேரம் இருக்கிறது. என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான்: அதற்குள் எங்கள் பழைய கணக்குகளை மீட்டெடுங்கள். நாங்கள் ஒவ்வொருவரும் எங்கள் கோப்புகளைத் திறந்து பார்த்து, சரி, எல்லாம் வந்துவிட்டது என்று சொல்லும் வரை அவற்றை மூடாதீர்கள்.

ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்பீர்கள். திற்பரப்புக்கு அப்பால் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே 40 தேனீப் பெட்டி வைத்திருக்கும் ஓர் அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். கணவர் இறந்த பிறகு அந்தப் பெட்டிகளை வைத்துத்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். போன திங்கட்கிழமை காலையில் அவர் போன் செய்தார். "மக்களே, இந்தத் தடவ எந்தப் பெட்டியப் பிரிக்கலாம்? நீங்க எல்லாம் எழுதி வச்சிருக்கியல்லா?" என்று கேட்டார்.

ஐப்பசியில்தான் ஒரு பெட்டியின் தேனீக் கூட்டத்தை இரண்டாகப் பிரிப்போம். இப்போது பிரித்து வளர்த்தால்தான் தை, மாசியில் ரப்பர் மரம் தளிர்விடும்போது பெட்டி நிறைய வேலைக்காரத் தேனீக்கள் இருக்கும். ரப்பரில் தேன் பூவில் இருந்து வருவதில்லை, தளிர் இலைக் காம்பில் சுரப்பது. அது மூன்று மாதம்கூட நிற்காது. அந்த மூன்று மாதத்தில்தான் ஒரு குடும்பத்தின் முழு வருட வருமானமும் இருக்கிறது. எனவே எந்தப் பெட்டியைப் பிரிப்பது என்பது சின்னக் கேள்வி இல்லை.

1991, 92 வாக்கில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் இந்தப் பக்கம் பரவியது. தேனீயின் இளம் புழுக்கள் நீர் கோத்த பை போலாகிச் செத்தன. மாவட்டத்தின் பெட்டிகளில் பெரும்பகுதி காலியாகிப் போனது. இந்த நோய்க்கு மருந்து கிடையாது. நோய் வந்தும் தாங்கி நின்ற கூட்டம் எது என்று பார்த்து, அதில் இருந்து பிரித்துப் பெருக்குவதுதான் எங்கள் ஆட்கள் கண்ட வழி. அதனால் எங்கள் சின்ன அமைப்பு 2013இல் இருந்து 26 வீடுகளின் பெட்டிகளுக்குக் குடும்ப வரலாறு எழுதி வந்தது. எந்தப் பெட்டி எதில் இருந்து பிரிந்தது, ராணி எந்த வருடத்தது, நோய் கண்டதா, கண்டும் மீண்டதா, ஒக்கிப் புயலில் மரம் விழுந்து நசுங்கியது எது, எல்லாமே அதில் உண்டு. முதலில் நோட்டில் எழுதினோம். 2021 நவம்பர் மழையில் அலுவலகத்துக்குள் தண்ணீர் வந்து பாதி நோட்டு நனைந்தது. மீதியைக் காயவைத்து, மூன்று பேர் நான்கு மாதம் உட்கார்ந்து கூகுள் ஷீட்டில் ஏற்றினோம். இனி வெள்ளம் வந்தாலும் இது போகாது என்று நம்பினோம். ஊறிப்போன நோட்டுகளை அப்புறம் வைத்திருக்கவில்லை.

அக்காவிடம் "ஒரு நிமிடம் இருங்க, பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் புதிய ஒன்டிரைவில் அந்தக் கோப்பைத் திறந்தேன். பெயர் இருந்தது. அளவு 1 கேபி என்று காட்டியது. சொடுக்கினால் உலாவி திறந்து, பழைய கணக்கைக் கேட்கிறது. அந்தக் கணக்குதான் இப்போது இல்லையே. அக்கா லைனில் காத்துக்கொண்டிருந்தார். "நெட்டு கிடைக்கலையோ?" என்று அவரே கேட்டார். ஆமாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். 12 வருடத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் பொய் அது.

நடந்தது என்ன என்று பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கூகுள் ஷீட், கூகுள் டாக்ஸ் எல்லாம் நம் கணினியில் கிடப்பவை இல்லை. அவை கூகுளின் சர்வரில் இருக்கின்றன. கணினியின் டிரைவ் கோப்புறையில் தெரிவது அந்த இடத்தின் முகவரி எழுதிய சிறு துண்டு மட்டும்தான். உங்கள் சுற்றறிக்கை, "கூகுள் டிரைவ் கோப்புறையில் உள்ள அனைத்தையும் ஒன்டிரைவ் கோப்புறைக்கு நகலெடுக்கவும்" என்றது. நாங்கள் அப்படியே செய்தோம். புகைப்படமும் பிடிஎப்பும் முழுதாக வந்தன. ஷீட்டும் டாக்ஸும் முகவரித் துண்டாக மட்டும் வந்தன. அவற்றை எக்செலாகவும் வேர்டாகவும் மாற்றித் தரவிறக்கியிருக்க வேண்டும், அல்லது அதற்கென்றே உள்ள இடமாற்றக் கருவியை நிர்வாகி பயன்படுத்தியிருக்க வேண்டும். குறைந்தபட்சம், கணக்கை நீக்கும் முன் கோப்புகளின் உரிமையைப் பழைய அமைப்பிலேயே வேறொரு கணக்குக்கு மாற்றி வைத்திருக்கலாம். நிர்வாகிக்கு அந்த வசதி உண்டு. சுற்றறிக்கையில் இது எதுவும் இல்லை. தேனீக்காரர்களோடு அலைகிற எங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தீர்களா?

உதவிப் பிரிவுக்கு எழுதினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. பழைய இடத்திலும் புதிய இடத்திலும் கோப்புகளின் எண்ணிக்கை ஒத்துப்போகிறது, ஆகவே புகார் முடித்துவைக்கப்படுகிறது என்று எழுதியிருந்தார்கள். எண்ணிக்கை சரிதான். அங்கே 2,314 இருந்தது, இங்கேயும் 2,314 இருக்கிறது. அதில் 400க்கு மேல் வெறும் முகவரித் துண்டுகள். ஒரு கோப்பையாவது திறந்து பார்த்துவிட்டு அந்தப் புகாரை முடித்திருக்கலாம். மறுபடியும் எழுதினேன், அதற்குப் பதில் இல்லை. அதனால்தான் இந்தத் திறந்த மடல்.

இங்கே பெட்டி இடம் மாற்றுகிறவர்களை நீங்கள் ஒருமுறையாவது வந்து பார்க்க வேண்டும். ரப்பர் சீசனுக்காகப் பெட்டியை வேறு தோட்டத்துக்குக் கொண்டுபோகும்போது பகலில் தொடமாட்டார்கள். அந்தி சாய்ந்து, மேயப் போன தேனீ எல்லாம் கூட்டுக்குள் வந்த பிறகுதான் வாசலை அடைப்பார்கள். இரவோடு இரவாகக் கொண்டுபோய், விடியும் முன் புதிய இடத்தில் வைத்துத் திறப்பார்கள். பகலில் தூக்கினால் வெளியே போனவை திரும்பி வந்து, பெட்டி இருந்த வெற்றிடத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்தே செத்துவிடும்.

நீங்கள் வேலை நாளில், மதியம் 3 மணிக்கு மூடினீர்கள். அந்த நேரத்தில் எங்கள் ஆள் ஒருவர் களியலில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெட்டிக் கணக்கைப் பதிந்துகொண்டிருந்தார். பாதியில் நின்றது. இத்தனை காலம் நாங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்ந்த இணைப்புகள் எல்லாம் இப்போது செத்துக் கிடக்கின்றன. நோய் கண்டால் தெரிவிக்க ஒரு கூகுள் படிவம் வைத்து, அதன் கியூஆர் குறியை அச்சடித்து அருமனை, குலசேகரம், கடையாலுமூடு பக்கம் கடைச் சுவர்களில் ஒட்டியிருந்தோம். படிவம் இந்த மாதிரி நகலெடுப்பில் இடம் மாறாது. ஆட்கள் இன்னும் அந்தக் குறியைத்தான் ஸ்கேன் செய்கிறார்கள். யாருக்கும் எதுவும் வந்து சேர்வதில்லை. புழு சாகத் தொடங்கினால் முதலில் தெரிய வேண்டியது எங்களுக்கு.

பெயர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கோப்புறைகளுக்கு எல்லாம் தமிழில்தான் பெயர். ஒன்டிரைவில் ஒரு கோப்பின் முழுப் பாதை 400 எழுத்துக்குறியைத் தாண்டக் கூடாது. மார்த்தாண்டம் என்று எழுதினால் நமக்கு ஏழு எழுத்து. கணினி அதன் காலையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணிப் பதின்மூன்று என்கிறது. ஊர், வீடு, வருடம், பெட்டி எண் என்று கோப்புறைக்குள் கோப்புறையாக வைத்தவை பல மறுக்கப்பட்டன. உதவிப் பிரிவில் கேட்டபோது, எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சுருக்கிப் பெயர் மாற்றச் சொன்னார்கள். இரண்டு இரவு அதைச் செய்தோம். இப்போது எந்தக் கோப்பு யாருடையது என்று எங்களுக்கே தேட வேண்டியிருக்கிறது. பயிற்சி வகுப்பும் ஆங்கிலத்தில், சுற்றறிக்கையும் ஆங்கிலத்தில். தமிழ்நாட்டில், தமிழ் பேசும் ஆட்களோடு வேலை செய்யும் அமைப்பில் இது எப்படிச் சரியாகும்?

இன்னொன்று. புதிய இடத்தில் எங்கள் பொதுக் கோப்புறை, அமைப்பில் உள்ள எல்லோரும் திறக்கும்படி விடப்பட்டிருக்கிறது. அதில் தேனீ வளர்ப்பவர்களின் போன் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கின்றன. எங்களை நம்பித் தந்தவை அவை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இலேயே நிறைவேறிவிட்டது. தயவுசெய்து அந்தக் கோப்புறையை இன்றே பூட்டுங்கள்.

இணைப்பு என்பது எங்கள் மாவட்டத்துக்குப் புதிதில்லை. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்து பிரிந்து, இன்றைய தமிழ்நாடான அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. ராஜ்யம் மாறியது, ஆட்சி மொழி மாறியது. ஆனால் மலையாளத்தில் எழுதிய பழைய நிலப் பத்திரங்களை யாரும் எரித்துவிடவில்லை. என் தாத்தா வீட்டு டிரங்குப் பெட்டியில் அப்படி ஒரு பத்திரம் இன்னும் இருக்கிறது. போன வருடம் எல்லைத் தகராறு வந்தபோது, களியக்காவிளையில் மலையாளம் படிக்கத் தெரிந்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோய் வாசிக்கச் சொன்னோம். அதனால்தான் தகராறு தீர வழி கிடைத்தது. மார்த்தாண்டத்தில் 1920களில் ஒய்.எம்.சி.ஏ. கிராம மறுசீரமைப்பு மையம் வந்து பெட்டியில் தேனீ வளர்க்கக் கற்றுக்கொடுத்தது. அன்றில் இருந்து இங்கே கைமாறி வந்த அறிவின் ஒரு பகுதிதான் அந்த ஷீட்டில் இருந்தது. உங்கள் கடிதங்களில் அதைப் "பழைய தரவு" என்று எழுதுகிறீர்கள். அந்தச் சொல் எனக்கு வலிக்கிறது. திற்பரப்பு அக்காவுக்கு அது இந்த ஐப்பசியின் தரவு.

கோபத்தில் எழுதியது அதிகமாகிவிட்டது என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய சந்தாவுக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கிறது என்ற உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது. ஆறு மாதம் மட்டும் கட்டுங்கள். ரப்பர் சீசன் முடிகிற வரை. முதலில் நீக்கிய கணக்குகளை மீட்டெடுங்கள். அவற்றில் உள்ள ஷீட்டையும் டாக்ஸையும் முறையாக மாற்றித் தாருங்கள். யாருக்கு எது பகிரப்பட்டிருந்தது என்ற பட்டியலையும் எடுத்துத் தாருங்கள், அவர்களுக்குப் புதிய இணைப்பை நாங்களே அனுப்பிக்கொள்கிறோம். கியூஆர் ஒட்டிய சுவர்களுக்கெல்லாம் நாங்களே போய் மாற்றி ஒட்டிவிடுகிறோம். இடமாற்றத்துக்கு ஒரு தொழில்நுட்ப ஆளை இங்கே அனுப்பினால் நான் உடன் உட்காருகிறேன், இரவானாலும் சரி.

அக்காவிடம் அடுத்த சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறேன். பெட்டிகளைப் பிரிக்க அவர் அதுவரை பொறுத்திருப்பதாகச் சொன்னார். அதற்கு முன் அந்த ஒரு கோப்பையாவது திறந்து கொடுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மார்த்தாண்டம் பகுதிக் களப்பணியாளர்