நானூறு பீச் மரங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில், குடியேறி உழுபவர்களுக்கு அரசு நிலத்தை இலவசமாகத் தந்த ஹோம்ஸ்டெட் சட்டத்தின்கீழ் முதலில் மனுப் போட்டவர் என்று சொல்லப்படும் டேனியல் ஃப்ரீமன் குடும்பத்தைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் இருக்கிறேன். பியாட்ரிஸ் ஊருக்கு அருகிலுள்ள ஃப்ரீமன் நிலம் இங்கிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். எங்கள் பக்கத்துக் கதை தமிழில் வந்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் சொல்ல வேண்டியதை விட்டுவிட்டீர்களே என்ற ஆதங்கமும் இருக்கிறது.

கட்டுரையில் பாதியை 1863 ஜனவரி 1 நள்ளிரவு விழுங்கிவிட்டது. பிரவுன்வில் நில அலுவலகத்தைப் பன்னிரண்டு மணி அடித்ததும் திறக்கவைத்து, முதல் மனுவைக் கொடுத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. சுவையான கதைதான், மறுக்கவில்லை. ஆனால் அதே முதல் நாளில் மனுப் போட்டவர்கள் இன்னும் பலர் உண்டு. மனுப் போடுவது எளிது. 160 ஏக்கரில் ஐந்து வருடம் குடியிருந்து உழுது காட்டினால்தான் நிலம் சொந்தம் என்பது சட்டம்.

அப்படிக் காட்டியதற்கான காகிதம் 1868இல் எழுதப்பட்டது. அக்கம்பக்கத்தார் இருவர் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். பதினான்குக்கு இருபது அடியில் ஒரு வீடு, பாதி மரக்கட்டை, பாதி பலகை. இரண்டு கதவு, இரண்டு ஜன்னல். உழுது வேலி போட்டது சுமார் 35 ஏக்கர். குதிரை லாயம், மக்காச்சோளக் குதிர், நூறு அடி நீளத்தில் ஆட்டுக் கொட்டகை. நாற்பது ஆப்பிள் மரம், ஏறக்குறைய நானூறு பீச் மரம். மனிதர்களுக்கு இருபது அடி, ஆடுகளுக்கு நூறு அடி! ஒரு குடும்பம் எப்படிப் பிழைத்தது என்று இதைவிடச் சுருக்கமாக யாரால் எழுத முடியும்? 1869இல் பட்டா வந்தது. பட்டா எண் 1.

அந்த வீட்டுக்கு 1865இல் மணமகளாக வந்தவர் ஆக்னஸ். உங்கள் கட்டுரையில் அவர் "மனைவி மக்களுடன்" என்ற இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிட்டார். ஐயோவாவில் மிசிசிப்பிக் கரையிலுள்ள லே கிளேர் ஊர்ப் பெண். முதலில் ஃப்ரீமனின் சகோதரருக்குத்தான் நிச்சயமாகியிருந்தது. அவர் உள்நாட்டுப் போரின்போது இறந்துபோனார். பிறகு ஃப்ரீமன் கடிதம் மூலமாகவே பெண் கேட்டு மணந்தார். கணவர் 1908இல் போன பிறகும் ஆக்னஸ் 1931 வரை வாழ்ந்தார். குடும்ப வரலாறு என்று தலைப்பு வைத்துவிட்டு இவரை விடலாமா?

இன்னொன்று. "யாருக்கும் சொந்தமில்லாத புல்வெளி" என்ற வரியைத் திருத்த வேண்டும். அது ஓட்டோ மிசோரியா என்ற பூர்வகுடி மக்களின் மண். 1854 ஒப்பந்தத்தில் அதை விட்டுக்கொடுத்து, பிக் புளூ ஆற்றங்கரையில் தங்களுக்கென ஒதுக்கிய நிலத்துக்குள் ஒடுங்கினார்கள். அதுவும் இதே வட்டாரம்தான். 1881இல் அங்கிருந்தும் கிளப்பி இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பப்பட்டார்கள். ஃப்ரீமன் வீட்டுப் பிள்ளைகள் பிறந்து வளர்ந்த காலத்தில் அவர்கள் தெற்கே கூப்பிடு தூரத்தில் இல்லையென்றாலும், குதிரையில் போய்வரும் தூரத்தில்தான் இருந்தார்கள்.

கிழவர் ஃப்ரீமன் போட்ட வழக்கையும் காணோம். தம் வீட்டருகே இருந்த அரசுப் பள்ளியில் ஆசிரியை பைபிள் வாசித்து ஜெபம் நடத்துவதை எதிர்த்தார். பள்ளி நிர்வாகம் அசையவில்லை. நெப்ராஸ்கா உச்ச நீதிமன்றம் வரை போய் 1902இல் ஜெயித்தபோது அவருக்கு வயது 76. நள்ளிரவில் அலுவலகக் கதவைத் தட்டிய பிடிவாதம் உண்மையோ கதையோ, இந்தப் பிடிவாதத்துக்குத் தீர்ப்பு நகலே சாட்சி.

அந்த 1868 காகிதம் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்ட ஆபிரகாம் லிங்கன் படத்தை அரைப் பக்கத்துக்குப் போட்ட இடத்தில் அதைப் போட்டிருக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
லிங்கன், நெப்ராஸ்கா